மைனஸ் நூற்று அறுபத்தொன்று

என் வீட்டுக்காரர் வெல்டர். முப்பது வருஷமாக இரும்புக் கேட்டும் கிரில்லும் அடிக்கிறவர். பையில் அளவு டேப் கிடப்பதே பார்க்கிறவர்கள் திருப்திக்குத்தான். கண் பார்த்தால் கை செய்துவிடும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருந்தும் இதுவரை ஒரு கணக்குக்குக்கூட அவர் என்னிடம் வந்து நின்றதில்லை. அவ்வளவு ரோஷம்.

விபத்தில் என் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரி. சக்கர நாற்காலி பழகியதும் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள என்னை யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது. நானாத்தான் போகணும்."

வாசலில் மூன்று படி, நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம். இரும்பில் சரிவுப் பாதை போடுங்கள், ஆறு டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று பிசியோ டாக்டர் சொல்லியிருந்தார். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

வீடு திரும்பிய அன்று, புதுப் பச்சைப் பெயிண்டோடு பாதை தயாராக இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏற முடியாது. அத்தனை செங்குத்து. ஆனால் அவர் முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க மனசு வரவில்லை. சக்கரங்களைப் பிடித்துத் தள்ளினேன். பாதியில் கை ஓய்ந்து நாற்காலி பின்னால் சறுக்கியது. அவர் ஓடிவந்து நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நானே தூக்கிட்டுப் போயிடறேனே..."

"வேணாம். எப்படிங்க நீளம் கணக்குப் பண்ணீங்க?"

போனை நீட்டினார். ஆன்லைன் சயின்டிபிக் கால்குலேட்டர். யாரோ வீடியோவில் சொன்னபடி, உயரத்தைச் சைன் ஆறால் வகுத்திருக்கிறார். விடை மைனஸ் நூற்று அறுபத்தொன்று; அந்த நூற்று அறுபத்தொன்று சென்டிமீட்டருக்கே பாதையை அடித்துவிட்டார். மேல் மூலையில், கோணத்தின் அலகு ரேடியன் என்றிருந்தது.

"டிகிரிக்கு மாத்தவே இல்லையே. என் கிளாஸ் கழுதைங்கதான் வருஷா வருஷம் இப்படிப் பண்ணும். நீளம் மைனஸ்ல வருதே, சந்தேகமே வரலையா?"

"கீழ இறங்குற பாதைதானே, அதான் மைனஸ் போடுதுன்னு நினைச்சேன்."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

"உங்க கண்ணு என்ன சொல்லுச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். "பத்தாதுன்னுதான் சொல்லுச்சு. ஆனா இது உனக்குப் போடுறது. கண்ணை நம்ப பயமா இருந்துச்சு."

எத்தனை வீட்டுக்குக் கேட் போட்ட மனுஷன். என்னால்தான் அவருக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை போயிருக்கிறது. அதை நினைத்தபோது கால் போனதைவிட அதிகமாக வலித்தது.

டிகிரிக்கு மாற்றிக் காட்டினேன். நானூற்று முப்பது சென்டிமீட்டர். கேட்டிலிருந்து வாசல்வரை ஒரு பார்வை பார்த்தவர், "இடம் இருக்கு" என்றார். டேப்பை எடுக்கவில்லை.

பட்டறையிலிருந்து இரும்பு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுக்குள் வந்து படுக்கச் சொன்னாள். நான் எங்கள் வாசல் மரநிழலிலேயே இருந்துகொண்டேன். பெயிண்ட் அடிக்க நேரமில்லை; சாயங்காலம் வெறும் இரும்பாகவே பாதை நின்றது.

அவர் உள்ளே போய்க் கதவுக்கு அந்தப்பக்கம் நின்றார். நான் ஏறினேன். இரண்டு இடத்தில் மூச்சு வாங்கி நின்றேன். இரண்டு தடவையும் அவர் கால் முன்னால் வந்து, திரும்பிப் பின்னால் போனது. கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்திருந்தார்.

முன்சக்கரம் நிலைவாசலைத் தாண்டியது. பின்சக்கரமும் தாண்டியது.

"இப்பத் தொடலாமா?" என்று கேட்டார்.

நான் கையை நீட்டினேன்.