கழுத்தில் வழிந்த பசை

சோப்பு நுரையைத் தடவியதும் காற்று டாங்கின் கழுத்தில் குமிழ்கள் கிளம்பின. சாய உருண்டைகளைச் சுடும் பெயிண்ட்பால் துப்பாக்கியில் பூட்டும் நுனியில் காற்று கசிந்தால் அங்கிருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும், இரண்டு நிமிட வேலை. இது வால்வும் டாங்கும் சேரும் இடம். இங்கே கசியவே கூடாது. துப்பாக்கியில் பூட்டிவிட்டால் டாங்கு சுடுபவரின் தோளில் முட்டிக்கொண்டு, கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும். வால்வு பிய்த்துக்கொண்டால் ஆளைத் தேட வேண்டியதுதான்.

காற்றை முழுக்க வெளியேற்றி, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் நின்ற பிறகு வால்வைக் கழற்றினேன். மரையெல்லாம் மஞ்சள் பசை, சளி ஒழுகிக் காய்ந்த மூக்கு மாதிரி. அதற்குள் வெள்ளை டேப் வேறு. வெடித்த உருண்டைகளின் எண்ணெய் வாடைக்குப் பழகிய மூக்குதான் என்னுடையது. இந்த நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"யாரு மாமா இத ஒட்டினது?"

மாமா என் அக்காவின் கணவர், இந்தப் பெயிண்ட்பால் விளையாட்டு மைதானத்தின் முதலாளி. பல் குத்திக்கொண்டே எட்டிப் பார்த்தார். "நாந்தான். புஸ்ஸு புஸ்ஸுனு கெடந்துச்சு. ஒட்டினதும் வாய மூடிக்கிச்சுல்ல?"

"இத யாரு தோள்ல வச்சிட்டுத் திரியறா, தெரியுமா?"

"உங்கக்காதான். வர்றவங்களுக்கு அவதான சுட்டுக் காட்டறா." குச்சி நுனியில் வந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்தார். "ஒரு வாரமா அவளுக்கு ஒண்ணும் ஆகல. வெளிய இருபது பேரு நிக்கறாங்க, பூட்டு."

அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க நிமிர்ந்தேன்.

"ரொம்பத்தான் மொறைக்காத கொழுந்தியா. தெனமும் இதுல காத்து ரொப்பினது யாரு? நீதான?"

நான்தான். ரொப்பும்போதெல்லாம் நுரை தடவிப் பார்க்க வேண்டும். சோம்பல்பட்டு ஒரு வாரமாகத் தடவவில்லை. என் கையே எனக்கு நாறியது.

அக்கா உள்ளே வந்தாள். முகமூடி நெற்றிக்கு ஏறியிருந்தது. கன்னத்தில் அதன் விளிம்பு பதிந்த தடம். "என்னோடது ரெடியா?" என்று கை நீட்டினாள். வால்வை அந்தக் கையில் வைத்தேன். பசையை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"நானும் பாக்காம விட்டுட்டேன்க்கா," என்றேன்.

இனி இதை யாரும் ஒட்டக் கூடாது. இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்து டாங்கின் கழுத்தில் வைத்து இழுத்தேன். டாங்கு உருண்டு உருண்டு நழுவியது.

"ஏய், பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?" மாமா கத்தினார்.

அக்கா வால்வைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். டாங்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.