லினக்ஸ் கேட்ட காப்பி

“அப்பா, இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள யாரோ வெளியாளு வந்துட்டுப் போறான்” என்றாள் வித்யாலட்சுமி. “உள்ள பதிஞ்சிருக்க கணக்கப் பாத்தேன், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ திடீர்னு செத்து, திரும்பப் பொழைக்கு. நல்ல மெஷினு இப்படிச் செய்யுமா?”

குற்றாலீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. வெளியாளாம்! ஆசாமி இந்தா எதிரிலேயே லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறார், சொல்லத்தான் வாயில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த வாதம் வலது கையையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது.

மகளுக்குப் பெங்களூரில் நெட்வொர்க் பாதுகாப்பு வேலை. குற்றாலச் சாரல் சீசனுக்கு லீவு போட்டுக் குத்துக்கல்வலசை வீட்டுக்கு வந்தவள், பையை வைத்த கையோடு, ஓடிக்கொண்டிருந்த மெஷினை நோண்ட ஆரம்பித்துவிட்டாள். பழைய லினக்ஸ், அப்டேட் நின்று காலமாச்சு, இதில் அம்மா பாங்க் கணக்கு வேறு பார்க்கிறாள், மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதுசு போடப் போகிறேன் என்று பென்டிரைவும் கையுமாக நின்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் வம்பு.

அது என்ன சாதாரணப் பெட்டியா? தென்காசியில் அவர் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தின் மிச்சமல்லவா! என்ன காலம் அது! சீசன் வந்தால் ஐந்தருவியில் குளித்த கூட்டம் ஈரத்தலையோடு கடைக்கு வரும். கேமரா கார்டை நீட்டி, போட்டோவை சி.டி.யில் ஏற்றச் சொல்வார்கள். மசாஜ் எண்ணெய் போகாத விரலால் தட்டித் தட்டிக் கீபோர்டெல்லாம் நல்லெண்ணெய் வாசம். கார்டோடு வைரஸும் இலவசமாக வரும், விண்டோஸ் படுத்துக்கொள்ளும். வெறுத்துப்போய் ஒருநாள் விண்டோஸைத் தூக்கிவிட்டு, எல்லா மெஷினிலும் வைரஸ் அண்டாத லினக்ஸை ஏற்றினார்.

“அந்த நீல ‘e’ எழுத்து எங்க அண்ணாச்சி? இன்டர்நெட்டையே எடுத்துட்டியளா?” என்று சண்டைக்கு வந்தார்கள், பாவிகள். அதற்குப் பதில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் நரிப் படத்துக்குக் கீழே ‘இன்டர்நெட் இதுதான்’ என்று எழுதி வைத்த பிறகுதான் ஊர் அடங்கியது.

கடைக்குப் பின்னால்தான் அப்போது வீடு. தன் மெஷினில் மட்டும் அவர் ஒரு குறும்பு செய்தார். திறக்கும்போது வரும் இசையை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்து வைத்தார்: “ஏட்டி நிர்மலா, காப்பி கொண்டாட்டி!”

“பெட்டிய விட்டுப் பொண்டாட்டிய ஏவுத ஆம்பள ஒலகத்துல உண்டுமா?” என்று நிர்மலாதேவி தலையில் அடித்துக்கொள்வாள். காப்பி மட்டும் வந்துவிடும்.

இப்போது அவருக்கு மிச்சமிருக்கும் குரலே அது ஒன்றுதான். தேவைப்படும்போது இடது கையால் சுவர் சுவிட்சை அமர்த்திவிட்டுத் திரும்பப் போடுவார். கரண்ட் வந்ததும் கிழட்டு மெஷின் தானே முக்கி முனகி எழுந்து கூப்பிடும். “இந்தா வாரேன், கத்தாதிய!” என்று அடுக்களையிலிருந்து பதில் வரும். அந்தக் ‘கத்தாதிய’வைக் கேட்கத்தான் அவருக்கு அத்தனை ஆசை. மகள் வந்தால் மட்டும் வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடுவார்.

நிர்மலாதேவி அன்று இலத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். எடுத்துச் சொல்ல வேறு ஆளில்லை. மகள் பென்டிரைவைச் செருகப் போனபோது அவர் எட்டிப் பிடுங்கி மடியில் பொத்திக்கொண்டார்.

“அப்பா! சின்னப் பிள்ளையாட்டம் என்னப்பா இது? உங்க நல்லதுக்குத்தான சொல்லுதேன்!”

தலையை ஆட்டினார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கண் நிறைந்துவிட்டது. கடைசியில் வெட்கத்தை விட்டு எழுந்து, தட்டுத் தடுமாறிச் சுவிட்சை அமர்த்தினார், போட்டார். வித்யா கோபமாக வாயைத் திறந்தாள்.

“ஏட்டி நிர்மலா, காப்பி கொண்டாட்டி!”

திறந்த வாய் மூடவில்லை. பள்ளிக்கூட நாளில் கேட்டு மறந்த குரல். சுவிட்சைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். வெளியாள் யாரென்று புரிந்துவிட்டது.

“நீங்கதானா?” என்றாள். அழுதுகொண்டே போய்க் காப்பி போட்டுவந்தாள். “புதுசுலயும் இத வச்சுத் தாரேம்ப்பா. சத்தியமா.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அதுல எம்பேரு மட்டும் இல்ல, பாத்தியளா?” என்றாள்.

அவர் பென்டிரைவைக் கொடுத்துவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

ஒலி இருந்த ஃபோல்டரை அவள் அப்படியே பத்திரப்படுத்தினாள். பிறகு அவரைப்போலச் சுவிட்சில் கை வைக்காமல், மெனுவுக்குள் போய் முறைப்படி ஷட் டவுன் கொடுத்தாள்.

“ஏட்டி வித்யா, போதும்ட்டி, கண்ணு கெட்டுப்போவும். அமத்திட்டுச் சாப்பிட வா.”

இருவருமே திடுக்கிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து மெஷினே கதியென்று கிடந்த பிள்ளைக்காக, அமர்த்தும்போது ஒலிக்க அவர் பதிந்து வைத்தது. சுவிட்சிலேயே அமர்த்திப் பழகியவருக்கு, இப்படி ஒன்று உள்ளே கிடப்பதே மறந்துபோயிருந்தது.

வித்யா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் இடது கையை அவள் தலையில் வைத்தார்.

“இந்தா வாரேம்ப்பா” என்றாள் அவள்.