இருபத்துநாலாம் நோன்பு

ஆந்திரக்காரர்கள் தனி ராஜ்யம் வாங்கிக்கொண்டு போன இரண்டாம் வருஷம், ராயபுரத்தில் நோன்பும் கத்திரி வெயிலும் பேசிவைத்துக்கொண்டு வந்த மாதிரி ஒன்றாக வந்து இறங்கின. பிறைக் கணக்குக்கு வெயில் தெரியுமா, மழை தெரியுமா? அது பாட்டுக்கு வருஷத்துக்குப் பத்து நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். மார்கழியிலும் வரும், சித்திரையிலும் வரும். சித்திரையில் வந்தால் யாரை நோவது? தெருக்குழாயில் விடியற்காலை ஒரு மணி நேரம் நூல் மாதிரி தண்ணீர் வந்தது. செங்குன்றம் ஏரிக்குள் மாடு மேய்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் கடலே தேவலை என்று இருந்தது.

இந்த லட்சணத்தில் ஒன்பது வயசுப் பெண் முப்பது நோன்பும் பிடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றால் பெற்றவள் என்ன செய்வாள்? ரஹீமுன்னிசா கெஞ்சிப் பார்த்தாள். மிரட்டிப் பார்த்தாள். முதல் நாள் மத்தியானம் இளநீரை வெட்டி மூக்குக்கு நேராகவே நீட்டிப் பார்த்தாள். மரியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒனக்கு இன்னும் கடமை ஆவலடி. பெரிய மனுஷி ஆனப்புறம் வெச்சிக்கலாம்."

"அத்தா வர வேணாமா?" என்றாள் மரியம்.

அதுதான் விஷயம். நோன்பு திறக்கிற நேரத்தில் நோன்பாளி அல்லாவிடம் கேட்கும் துஆ தட்டப்படாது என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஓத்துப்பள்ளி அசரத்து சொல்லியிருந்தார். பெரியவர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, அவர்கள் முழுசாக நம்பித் தொலைப்பார்கள். மரியம் தனக்குத் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். முப்பது நோன்பு, ஒன்றுகூட ஓட்டை விழக்கூடாது. தினமும் சாயங்காலம் நோன்பு திறக்கப் பள்ளிவாசல் சங்கு ஊதும்போது ஒரே ஒரு துஆ. பெருநாள் அன்றைக்குக் காலையில் அத்தாவின் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்.

அத்தா என்பது அவள் அப்பா தாவூது. கப்பல் கலாசி. ரஹீமுன்னிசாவுக்கு மூன்று மாசம் முழுகாமல் இருந்தபோது கப்பல் ஏறினவர், இருபது மாசமாகிவிட்டது. அந்தப் பிள்ளை ஜஹானாரா பிறந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அத்தா முகம் தெரியாது. முதலில் மாசம் ஒரு கடுதாசி வந்தது. அப்புறம் பெருநாளுக்குப் பெருநாள் என்று ஆனது. அப்புறம் அதுவும் இல்லை.

மூன்றாம் நோன்பு அன்று காலையில் ஷாகுல் ஹமீது வந்தார். தாவூதோடு ஒரே கப்பலில் போனவர், இவர் மட்டும் திரும்பி வந்திருந்தார். வாசலில் நின்றபடியே இருமினார். ரஹீமுன்னிசா படுதாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். பிள்ளைகள் ஓதப் போயிருந்தன. கைப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, தாவூது பினாங்குல எறங்கிட்டாருமா," என்றார். அப்புறம் மென்று முழுங்கினார். "அங்க ஒரு வூடு வெச்சிகினாரு. ஒரு புள்ளையும் கீது. எனக்காவ காத்துகினு கெடக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு. நான் எவ்ளவோ சொல்லிப் பாத்தேன்."

ரஹீமுன்னிசா படுதாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைங்கள கேட்டாரா?"

"கேட்டாரு," என்றார் அவர், ஆனால் உடனே சொல்லவில்லை. தெருவில் ஒரு கைவண்டி போய் முடிகிற நேரம் கழித்துத்தான் சொன்னார். அந்த இடைவெளிதான் அவளைக் கொன்றது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. யார் இருக்கிறார்கள் சொல்ல? பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாத்தனார் ஒருத்தி நாகூரில், எட்டாக்கையில் இருந்தாள். தெருவிடம் சொன்னால் தெரு வந்து கட்டிக்கொண்டு அழும், அது நிஜம்தான். போகும்போது ஆளுக்கொரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு போகும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பிள்ளைகளுக்கு நோன்பு முடிந்து பெருநாள் கழியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள். ஆனால் பெருநாள் காலையில் இந்தப் பெண் துறைமுகத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்குமே, அதன் முகத்தில் எப்படி முழிப்பது?

ஆனால் ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் மரியம் தானாக முழித்துக்கொண்டு, அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் விடியுமுன் சஹருக்குச் சோறு தின்றாள். நாலாம் நோன்பிலிருந்து ரஹீமுன்னிசாவே அவளைத் தொட்டு எழுப்ப ஆரம்பித்தாள். ஏனடி என்று கேட்டிருந்தால், பட்டினி கிடக்கப் போகிறவள் இரண்டு வாய் தின்றுவிட்டாவது கிடக்கட்டுமே என்று சொல்லியிருப்பாள்.

பகல்தான் நீண்டுகொண்டே போனது. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றுக்கு அவள் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெருநாள் சமயம், வேலை குவிந்துகிடந்தது. ஊரார் பிள்ளைகளின் புதுச் சட்டைகளெல்லாம் அவள் மடியில் கிடந்தன. சின்னச் சின்னப் பொத்தான் ஓட்டைகளைச் சுற்றி ஊசி போய்ப் போய் வந்தது. ஜஹானாராவுக்குத் தலையெல்லாம் வேனல் கட்டி, படுக்கவைத்தாலே வீல் என்று கத்தியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டே தைத்தாள். ஐந்து வயசு சௌக்கத் அலி முதுகெல்லாம் வேர்க்குருவோடு கதவில் உரசிக்கொண்டு நின்றான். மரியம் ஈரத்துணியால் துடைத்த சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கிடந்தாள். அந்த இடம் சூடானதும் நகர்ந்து அடுத்த இடத்தில் கன்னத்தை வைத்தாள். மூன்று பிள்ளைகள் இருந்தும் வீட்டில் பேச ஆளில்லை. வாயைத் திறந்தால் அந்தச் செய்தி வந்துவிடுமோ என்று அவள் பாதி நேரம் வாயைத் திறக்கவே இல்லை.

துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் அவள் ஊசி நின்றுவிடும். இருபது மாசப் பழக்கம் அது. இனி எந்தக் கப்பல் வந்தால் என்ன, போனால் என்ன என்று மனசுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

இருபத்துநாலாம் நோன்பு அன்று குழாயடியில் பக்கத்து வீட்டுக் கெங்கம்மா பிடித்துக்கொண்டாள். காசிமேட்டிலிருந்து மீன் கூடை தூக்குகிறவள். வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு.

"இன்னாம்மே ரகீமா, பொண்ணு கருவாடாட்டம் காஞ்சி கீது. ஒரு வாய் தண்ணி குட்த்தா ஒங்க சாமி இன்னா கோச்சிக்கவா போவுது?"

"நான் குடுக்கறேன்க்கா. அது குடிச்சாத்தான?"

"அவங்கப்பன் வந்து ஒரு அதட்டு போட்டா குடிக்கும். எப்பதான் வர்றாராம்?"

"வருவாரு," என்றாள் ரஹீமுன்னிசா. சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அன்றைக்குப் போல வெயில் அந்தக் கோடையில் அடித்ததில்லை. மத்தியானத்துக்குமேல் மரியத்துக்கு உதடு வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டது. கடல்காற்று நாலு மணிக்கு வரவேண்டியது, அதுவும் வரவில்லை. சௌக்கத் பள்ளிவாசலுக்குத் தூக்கோடு போய் நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தான். பாதி தூக்கில் இருந்தது, பாதி அவன் காலில் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் மரியம் அவனைப் பிடித்து உலுக்கியிருப்பாள். இன்றைக்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஆறு மணிக்குமேல் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி, ஒரு பேரீச்சம்பழம், ஒரு தம்ளர் தண்ணீர். இனி சங்கு ஊத வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் சங்குதான். ரயில்வே பட்டறையில் ஊதுவதும் சங்கு, துறைமுகத்தில் ஊதுவதும் சங்கு. பள்ளிவாசலில் முன்பெல்லாம் வேட்டுப் போடுவார்கள். யுத்தம் முடிந்ததும், ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று ஜனங்களை எச்சரிக்க வைத்திருந்த கைச்சங்கு ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஜமாத்தார் அதை வாங்கி நோன்பு திறக்க வைத்துக்கொண்டார்கள். பாங்கு சொல்லும் மோதினார் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அது ஏறி ஏறி இறங்கும். கப்பல் சங்கு அப்படியில்லை, ஒரே கட்டையில் அடிவயிற்றிலிருந்து வரும். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் எது எது என்று தெரியும்.

ஆனால் பதினாலு மணி நேரம் வறண்டு கிடந்த காது, தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும். கும்மென்று ஒரு சங்கு ஊதியதும் மரியம் இரண்டு கையையும் ஏந்தி, உதடு அசைய என்னமோ அவசரமாகச் சொல்லிவிட்டு, தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டாள்.

ரஹீமுன்னிசா கையை நீட்டினாள். அதற்குள் தொண்டையில் இறங்கிவிட்டது.

"அக்கா, அது கப்பலு," என்றான் சௌக்கத். தனக்குக் கப்பல் சங்கு தெரியும் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

மரியம் தம்ளரைக் கீழே வைத்தாள். தெருவில் யாரும் நோன்பு திறந்த அரவம் இல்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து முற்றத்துக்கு ஓடி, தொண்டைக்குள் விரலை விட்டாள். ஒன்றும் வரவில்லை. இருமல்தான் வந்தது. ரஹீமுன்னிசா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியாம குடிச்சதுடி. ஒண்ணும் ஆவாது. பெருநாளுக்கு அப்பால ஒண்ணு சேத்து வெச்சிக்கலாம்."

"ஆவும். மறந்து குடிச்சாத்தான் முறியாதாம். அவசரப்பட்டுக் குடிச்சா முறிஞ்சிரும்னு அசரத்து சொல்லிக்கிறாரு." மரியத்துக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை, அவ்வளவு காய்ந்துபோயிருந்தாள். "ஓட்ட வுழுந்துச்சி. இனிமே அத்தா வராது. நான்தான் கெட்த்துட்டேன்."

ரஹீமுன்னிசாவுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு யோசனை வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வந்தது. இப்படியே விட்டுவிட்டால் பெருநாள் காலையில் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஏன் வரவில்லை என்பதற்குப் பிள்ளையிடமே காரணம் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருந்துவிட்டுப் போகலாம். இவளும் வாயை மூடிக்கொண்டு காலத்தை ஓட்டலாம். அப்புறம் அந்தப் பிள்ளை கிழவியாகிச் சாகிறவரைக்கும், அரை தம்ளர் தண்ணீரில் அத்தாவைத் தொலைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

முற்றத்துத் தரை அப்போதும் கொதித்துக்கொண்டிருந்தது. அதிலேயே உட்கார்ந்து மரியத்தை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"இங்க பாரு. அத்தா வராது. ஆனா நீ குடிச்சதுக்காவ இல்ல. நீ குடிக்காம இருந்தாலும் வராது. முப்பது வெச்சாலும் வராது, முன்னூறு வெச்சாலும் வராது. பினாங்குல வேற வூடு கீது அதுக்கு. வேற புள்ளையும் கீது. அது பண்ண தப்பு, அதும்மேல கெடக்கட்டும். ஒம்மேல ஒண்ணும் கெடையாது."

"யாரு சொன்னா?"

"ஷாகுல் மாமு."

"எப்ப?"

"மூணாம் நோம்பு அன்னிக்கி."

மரியம் மடியிலிருந்து விலகி அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். ஒன்பது வயசுக் கண் மாதிரியே இல்லை அது. "தெரிஞ்சிகினா தெனிக்கும் என்ன எழுப்பின?"

உள்ளே ஜஹானாரா அழ ஆரம்பித்தது. சௌக்கத் கஞ்சிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அப்போதுதான் பள்ளிவாசல் சங்கு ஊதியது. ஏறி ஏறி இறங்கியது. தெருவெல்லாம் தம்ளர்கள் எடுக்கிற சத்தம் கேட்டது. இருபத்துமூன்று நாள் பழக்கம், மரியத்தின் கைகள் தாமாக ஏந்திக்கொண்டன. ஏந்தின கையை அவளே குனிந்து பார்த்தாள்.

"இப்ப இன்னாம்மா கேக்கறது?"

ரஹீமுன்னிசாவின் கைகளும் ஏந்தித்தான் இருந்தன. ஷாகுல் ஹமீது வந்துபோன அன்று சாயங்காலமும் அவை ஏந்தியிருந்தன. நேற்றுச் சாயங்காலமும் ஏந்தியிருந்தன.

"தெர்லடி," என்றாள். "நானும் இத்தினி நாளா நீ கேட்டதயேதான் கேட்டுகினு இருந்தேன்."