ஒரே பெயரில் இரண்டு 'திற'

"பயத்துல பட்டனைத் தப்பா அமுக்கியிருக்கான். நம்ம மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் முதலாளி. கூட்ட அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா ஆட்டவில்லை.

தானியங்கிக் கதவுகளை இயக்கும் மென்பொருளை எழுதும் சின்ன நிறுவனம் அது. வேலையில் மூத்தவள் என்பதால் அவள் எல்லோருக்கும் அக்கா. முந்தைய நாள் ஒரு மீன் கிடங்கின் உறைகுளிர் அறைக்குள் பெட்டி தூக்கும் தொழிலாளி ஒருவர் மாட்டிக்கொண்டார். உள்ளே இருந்த சிவப்புப் பட்டனை அமுக்கியும் கதவு திறக்கவில்லை. யாரோ வெளியிலிருந்து எதேச்சையாகத் திறந்ததால் உயிர் மிஞ்சியது.

கூட்டம் முடிந்ததும் அக்கா மருத்துவமனைக்குப் போனாள். அந்தத் தொழிலாளிக்கு இரண்டு கைகளிலும் கட்டு. தப்பாக அமுக்கினீர்களா என்று கேட்க அவளுக்கு நாக்கு கூசியது. அவரே பேசினார்.

"விரல் மரத்துப் போற வரைக்கும் அமுக்கினேம்மா. அப்புறம் முழங்கையால அமுக்கினேன். ஒரு பட்டனை அமுக்கத் தெரியாத முட்டாளா நான்?"

அக்கா அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தக் கதவை இயக்கும் கணினி நிரலைத் திறந்தாள்.

எல்லாக் கதவுகளுக்கும் பொதுவான தாய் வகுப்பை, அதாவது அடிப்படை நிரலை, எழுதியவள் அவள்தான். அதில் 'திற' என்றொரு செயல்முறை உண்டு. எந்தப் பட்டன் என்று எண்ணைக் கொடுத்தால், கதவு பூட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்கும், பூட்டியிருந்தால் திறக்காது. சாதாரணக் கதவுக்கு அது சரி. உறைகுளிர் அறைக்கு அதுவே எமன். அதனால், தாயிடமிருந்து எல்லாவற்றையும் அப்படியே பெற்றுக்கொள்ளும் அந்த அறைக்கான சேய் வகுப்பில், உள்ளே இருப்பவர் அமுக்கினால் பூட்டைப் பார்க்காமலே திறக்கும்படி 'திற'வை மாற்றி எழுத வேண்டும். அந்த வேலை மாப்பிள்ளையிடம் போயிருந்தது. முதலாளியின் சொந்த மருமகன்; அலுவலகத்துக்கே மாப்பிள்ளை.

அவனும் எழுதித்தான் இருந்தான். ஆனால் தாயின் 'திற' பட்டனை எண்ணாகக் கேட்டது. அவனுடைய 'திற' எழுத்தாகக் கேட்டது. ஓவர்ரைடிங் ஆகியிருக்க வேண்டியது ஓவர்லோடிங் ஆகிவிட்டது. பழையதை மாற்றாமல், அதே பெயரில் இன்னொன்று பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. சிவப்புப் பட்டன் அனுப்புவது எண்ணைத்தான். அந்த மனிதர் அமுக்கிய ஒவ்வொரு தடவையும் தாயின் 'திற'தான் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

"இங்க வாடா!" அவள் குரலில் மேசைகள் திரும்பின. "மேல ஓவர்ரைடுன்னு ஒரு வார்த்தை போடுன்னு சொன்னேனா இல்லையா? போட்டிருந்தா, நீ எதையும் மாத்தலைன்னு நிரலைச் சரிபாக்கற கம்பைலரே கத்தியிருக்கும்ல?"

"அது சும்மா அலங்காரம்னு நெனச்சேங்க்கா. டெஸ்ட்ல பாஸ் ஆச்சே."

"நீ எழுதின டெஸ்ட் நீ எழுதினதைக் கூப்பிட்டுப் பாத்துச்சு. பட்டன் எதைக் கூப்பிடும்னு பாத்தியா?"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "மெதுவா பேசும்மா. அடுத்த அப்டேட்ல கமுக்கமா சரி பண்ணிடலாம்."

"அதுவரைக்கும்? இதே நிரல் ஓடுற ஃப்ரீசர் ரூம் வேற எத்தனை இடத்துல இருக்கு? இந்த நிமிஷம் உள்ள யாராவது நிக்கலாம்."

"எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

"மூடுங்க. அந்தக் கதவாவது தொறக்கட்டும்!"

அவள் தொலைபேசியை எடுத்து முதல் கிடங்கை அழைத்தாள். "ஃப்ரீசர் ரூம் கதவு மூடாம ஒரு கட்டையை அண்டக் கொடுங்க. யாரும் தனியா உள்ள..." முதலாளி வயரைப் பிடித்து இழுத்தார். பேச்சு அறுந்தது.

கணக்குப் பிரிவிலிருந்து அவர் மகள் எழுந்து வந்தாள். மாப்பிள்ளையின் மனைவி. அப்பாவைக் கையால் விலக்கி, வாடிக்கையாளர் எண்களைத் திரையில் கொண்டுவந்தாள். "அக்கா, உங்க செல்லை எடுங்க. நீங்க மேலேர்ந்து, நான் கீழேர்ந்து." பிறகு கணவனைப் பார்த்து, "நீங்க என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? உக்காந்து சரி பண்ணுங்க" என்றாள்.

ஓரிடத்தில் போனை எடுத்தவர், "ஐயோ, ஒருத்தர் உள்ளதான் இருக்கார்" என்று போனை அணைக்காமலே போட்டுவிட்டு ஓடினார். அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். ஓடும் சத்தம், கத்தல், ஏதோ இரும்பு தரையில் விழும் சத்தம். "வந்துட்டாருங்க" என்ற குரல் கேட்டதும் அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

மாலைக்குள் எல்லாக் கதவுகளுக்கும் கட்டை வைத்தாயிற்று. மாப்பிள்ளை திருத்திய நிரலை, அக்கா அந்த மீன் கிடங்குக்கே போய் அறையைப் பூட்டச் சொல்லி, உள்ளே நின்று பட்டனை அமுக்கிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள். தொழிலாளி மேல் தப்பில்லை என்று முதலாளியைக் கிடங்குக்கு எழுதவும் வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மாப்பிள்ளையை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். தொழிலாளியின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கிடங்கு மூலம் விஷயம் தெரிந்திருந்த அவர் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தக் கதவுக்கு எழுதினது யாரு?"

"நான்தாங்க" என்றான் மாப்பிள்ளை.

"வெளிய போப்பா. அவர் முழிக்கிறதுக்குள்ள போயிடு."

அவன் அழுதுகொண்டே வெளியே போனான். அக்கா அவன் பின்னால் போகவில்லை. அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.