முதுகை வெட்டணும்

அறையில் இருந்தவர்கள்: ஊரெல்லாம் ‘சல்லிசு அண்ணன்’ என்று கூப்பிடும் பதிப்பாளர், பிழை திருத்தும் அவர் மனைவி, தாள் வெட்டும் இயந்திரத்தில் சாய்ந்து நின்ற பைண்டர், பழைய நாவல் ஒன்றை மடியில் கெட்டியாகப் பிடித்திருந்த தையல்காரி.

தையல்காரியின் கடையில் கிடக்கும் புத்தகமெல்லாம் அண்ணன் மறுபதிப்புப் போட்டவை. தாள் மட்டம். பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் எட்டிப் பார்க்கும். ஆனால் கதையில் ஒரு வரி குறையாது. ஒரு கிழிசல் தைத்த கூலியில் வாங்கிவிடலாம். அந்த ஆள் இல்லையென்றால் அவள் படித்தே இருக்கமாட்டாள்.

மறுபதிப்புப் போட அண்ணன் வருஷக்கணக்காகத் தேடும் நாவல் தன்னிடம் இருப்பது தெரிந்து கொண்டுவந்திருந்தாள். செத்துப்போன புருஷனுடையது. ஓரமெல்லாம் பென்சிலால் கதாநாயகனைத் திட்டி வைத்திருந்தான்.

“முதுகை வெட்டணும்மா. தாள் தாளாப் பிரிச்சாத்தான் ஸ்கேன் பண்ண முடியும்,” என்றார் அண்ணன்.

“திரும்பத் தைச்சுத் தருவீங்கல்ல?”

பைண்டர் ஒரு தாளைத் தடவினார். “பொய் சொல்லமாட்டேன் தங்கச்சி. மெஷினுக்குள்ள போய் வந்தா ஓரமெல்லாம் உதிர்ந்துடும்.”

“வெட்டாம முடியாதா அண்ணே?”

“முடியும். மொத்தத்தையும் டைப் அடிச்சு, உங்க அண்ணி கண்ணு பூத்துப்போகத் திருத்தணும். விலை மூணு மடங்காகும்.”

“என் கண்ணை ஏன் இழுக்குறீங்க?” என்றாள் மனைவி. “நீ எடுத்துட்டுப் போ புள்ள. ஊர்ல உள்ள புத்தகமெல்லாம் தன்னோடதுன்னு இவருக்கு நினைப்பு.”

“சரிதான். எடுத்துட்டுப் போம்மா,” என்றார் அண்ணன். புத்தகத்தை மட்டும் பார்த்தபடியே சொன்னார்.

தையல்காரி எழுந்தாள். வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள்.

“மூணு மடங்குன்னா நானே வாங்கமாட்டேன்.” புத்தகத்தைப் பைண்டர் கையில் வைத்தாள். “நாள் பூரா துணியை வெட்டுறவ. என் பயத்தைப் பாருங்க.”

ஓரத்துப் பென்சில் எழுத்தை விரலால் காட்டினாள்.

“இந்தக் கிறுக்கலை அழிச்சிடுவீங்களா?”

“அழிச்சுத்தான்...” என்று அண்ணன் ஆரம்பித்தார்.

“யாரு அழிக்கிறது? பக்கம் பக்கமா உட்கார ஆள் வச்சா விலை ஏறும்,” என்றாள் மனைவி. “அச்சுல அப்படியே வரட்டும். படிக்கிறவனும் சேர்ந்து திட்டட்டும்.”

தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, மூக்கும் ஒழுகியது.

பைண்டர் புத்தகத்தை இயந்திரத்தில் வைத்து, கத்தியை உயர்த்தினார்.

“நீ நின்னு பார்க்காத. மனசு மாறிடும்,” என்று மனைவி அவளைத் தோளைப் பிடித்துத் தெருவுக்குத் தள்ளி, கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.