மெழுகுத் துணியில் குண்டூசி

தையல் கூடத்தில் அவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மழைக்கோட்டு தைக்கிற மெழுகேற்றிய பருத்தித் துணியை அங்கே முதன்முதலில் மிஷினில் ஓட்டிப் பார்த்தவள் அவள்தான். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை கையைவிட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுளித்தால், "நான் மெழுகுவத்திம்மா, பத்த வெச்சிடாத" என்று சொல்லிச் சிரிப்பாள்.

லேசில் மசிகிற துணி இல்லை அது. சாதாரணப் பருத்தியில் ஊசி குத்திய இடம் ஒரு தடவை துவைத்தால் மூடிக்கொள்ளும். மெழுகுத் துணியில் விழுந்த துளை விழுந்ததுதான், மழை நேராக உள்ளே இறங்கும். அதனால் குண்டூசியைக் கிட்டவே சேர்க்கக் கூடாது. ஓரங்களைக் கிளிப் மாட்டிப் பிடிக்க வேண்டும். பாக்கெட்டை ஒட்டுநாடா வைத்து நிறுத்திக்கொண்டு ஒரே தடவையில் தைத்து முடிக்க வேண்டும். கோணிவிட்டது, பிரித்துத் தைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மகன் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகெலும்பில் ஏதோ நழுவி, வண்டியில் உட்காரவே முடியாமல் வீட்டோடு கிடந்தான். அப்போதுதான் அவள் முதலாளியம்மாவிடம் பேசி மருமகளையும் கூடத்தில் சேர்த்துவிட்டாள். மருமகள் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துப் பழகியவள். கை வேகம். வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுவாள்.

"இங்க ஊசியெல்லாம் வேணாம்மா, இந்தத் துணிக்கு ஆகாது" என்று முதல் நாளே சொன்னாள் மெழுகக்கா.

"தெரியும் அத்தை."

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான கோட்டுகளுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. பாக்கெட் வைக்கிற வேலையை மாமியாரும் மருமகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மெழுகக்கா கண்ணைப் பரிசோதித்துப் புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். கோட்டுகள் போய்ச் சேர்ந்தன. ஒரு மழை பெய்தது. கிட்டத்தட்டப் பாதி திரும்பி வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே புகார்: பாக்கெட்டைச் சுற்றி நனைகிறது.

முதலாளியம்மா ஒரு கோட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். பாக்கெட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளிப் பொடிப்பொடியாக வெளிச்சம் ஒழுகியது. யாரோ குண்டூசி குத்தித் தைத்து, கோணிப் போனதும் பிரித்து, மறுபடி தைத்திருக்கிறார்கள். அதோடு விடாமல் சூடு காட்டி மெழுகைத் தேய்த்துத் துளையை மறைத்தும் இருக்கிறார்கள்.

"யாரு பண்ணினதுன்னு நாளைக்குக் காலையில எனக்குத் தெரியணும்" என்றாள் முதலாளியம்மா. சத்தம் போடவில்லை.

மெழுகக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூலையில் திரும்பும்போது ஒரு தையல் கூடுதலாகப் போடுவது மருமகளின் கை. பக்கத்து மிஷினைப் பார்த்தாள். மருமகள் குனிந்து நூல் சுற்றிய பாபினை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். மருமகள் முன்னாடியே போனில் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது.

"அம்மா, நீ பண்ணினதா சொல்லிடேன்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னடா சொல்ற?"

"அவ புதுசு. தப்பு அவ மேலன்னு தெரிஞ்சா உடனே அனுப்பிடுவாங்க. இந்தப் பேரோட வேற யாரும் சேத்துக்க மாட்டாங்க. நீ அப்படியா? உனக்குன்னு ஒரு பேர் இருக்கு. ஒரு தடவை கை தவறிடுச்சுன்னா ரெண்டு வார்த்தை திட்டிட்டு விட்டுடுவாங்க."

"அவ வாயைத் திறந்து கேக்க மாட்டாளா?"

மருமகள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "மன்னிச்சிருங்க அத்தை. கோணலாயிடுச்சுன்னு உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு" என்றாள்.

மகன் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளால் வேறு எதுவும் யோசிக்க முடியவில்லை. "சரி விடு" என்றாள்.

மறுநாள் முதலாளியம்மா அவள் சொன்னதை முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் காட்டி, "கண்ணு சரியில்லன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். "வாங்கினவங்களுக்கு நான் பதில் சொல்லியாகணும். நீங்க இதோட நின்னுக்குங்க."

அவள் எதிர்பார்த்த ரெண்டு வார்த்தைத் திட்டு வரவே இல்லை. தன் கத்தரிக்கோலையும் கிளிப் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஜன்னலோரத்தில் இருந்த அவளுடைய மிஷின் மருமகளுக்குப் போயிற்று.

முதல் ஒரு மாதம் மருமகள் தாங்கு தாங்கென்று தாங்கினாள். அத்தை சாப்பிட்டாச்சா, அத்தை காலை நீட்டிக்குங்க, நான் பெருக்கிக்கிறேன். பிறகு மெல்ல மெல்ல அது நின்றுபோயிற்று. நமக்கு ஒருத்தர் செய்ததைத் தினம் தினம் எதிரிலேயே உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்குத்தான் பிடிக்கும்? மருமகளுக்கு மாமியார் இருமினால் எரிச்சல், குழாயைத் திறந்தால் எரிச்சல். வேலைவிட்டு வந்து பையைப் போடும்போதே பாத்திரங்கள் நங்கென்று விழுந்தன. அவள் கைகளில் இப்போது மெழுகு வாடை அடித்தது.

மெழுகக்கா வேறு வேலை தேடிப் போனாள். கூடாரத் துணி தைக்கிற கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானே அந்தக் குண்டூசியக்கா?"

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஊர் பூரா அப்படித்தான் பேச்சாகியிருந்தது. கடைக்காரர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்து, ஏதாவது இருந்தால் சொல்லியனுப்புகிறேன் என்றார். சொல்லியனுப்பவில்லை.

மகனுக்கு முதுகு தேறியது. மறுபடி வேன் எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாவும் அவர் மகனும் சாப்பிட வந்திருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றித் தையல் கூடத்துக்கு வந்தது. மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

"எங்கம்மா கதையக் கேளுங்க. புதுக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, கோட்டுக்கு ஊசி போடறேன்னு டாக்டர் மாதிரி குத்தித் தள்ளிடுச்சு. மொத்த கோட்டும் சல்லடை."

சம்பந்தியம்மாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. மெழுகக்கா மகன் முகத்தையே பார்த்தாள். வந்தவர்களுக்காகச் சொல்கிறான், என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான் என்று காத்திருந்தாள். அவன் திரும்பவில்லை. அவன் நடிக்கவும் இல்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நடந்த கதையாகிவிட்டிருந்தது.

"நான் குத்தலடா" என்றாள் மெதுவாக. "குத்தினது உன் பொண்டாட்டி. நீதான் என்னைச் சொல்லச் சொன்ன."

மருமகள் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் விட்டபடி, "வந்தவங்க முன்னாடி எதுக்கு அத்தை இதெல்லாம்" என்றாள்.

மகன் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு வேலை போன ஆத்திரம்மா. அதுக்காக அவ மேல பழியப் போடாத."

சம்பந்தியம்மா தன் மகளையும் மெழுகக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வயசானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். மெழுகக்கா சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய், துணி காய்கிற கொடியடியில் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் தேடி வரவில்லை.

மறுநாள் காலையில் தையல் கூடத்துக்குப் போனாள். முதலாளியம்மா கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே உட்காரச் சொன்னாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள் மெழுகக்கா. முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

முதலாளியம்மா துணியை அளக்கிற நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்கு அப்பவே தெரியும்க்கா."

"என்னது?"

"உங்க தையலை எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாப் பாக்கறேன். அது உங்க கை இல்லன்னு ஜன்னல்ல பிடிச்சதுமே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் என்னை அனுப்பினீங்க?"

"யாராவது ஒருத்தரை அனுப்பியாகணும். நீங்களாவே வந்து நின்னீங்க." நாடாவை மேஜையில் வைத்தாள். "உள்ளதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க இருந்தா எதுக்கெடுத்தாலும் ஏன் எதுக்குன்னு கேப்பீங்க. மெழுகு மட்டம்பீங்க, நூல் மட்டம்பீங்க, மூணு நாள் வேலைய ஒரு நாள்ல கேட்டா முடியாதும்பீங்க. அவ கேக்க மாட்டா. செஞ்ச தப்பு அவ தொண்டையில நிக்குது. என்ன சொன்னாலும் செய்வா."

மெழுகக்கா எழுந்துவிட்டாள். கூடத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். ஜன்னலோர மிஷினில் மருமகள் முன்பக்கத் துண்டு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் கால் பெடலிலிருந்து எடுபட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டாள். "இதோ மேடம்" என்று எழுந்து ஓடினாள்.

அந்த வாரமே மெழுகக்கா சலவைக்கடைக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கிழிந்த பைகளுக்கும் சாக்குகளுக்கும் தையல் போட்டுக் கொடுத்தாள். முரட்டுச் சாக்கில் யார் ஊசி குத்தினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. வேலை கைக்கு ஏறிவிட்டது. மனசுக்கு ஏறவில்லை.

சில மாதங்கள் கழித்து மகன் வந்தான். வேனைத் தெருவிலேயே ஓடவிட்டுவிட்டு வாசலில் நின்றான்.

"அவ முழுகாம இருக்காம்மா. கூடத்துலயும் லீவு தர மாட்டேங்கறாங்க. நீ வந்துட்டா வீட்டைப் பாத்துக்குவ."

அவள் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவன் நின்றுகொண்டே குடித்தான். முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"யாருடா குத்தினது?"

"விடும்மா. பழசை எதுக்குக் கிளறிக்கிட்டு."

"பழசுதான். யாருன்னு மட்டும் சொல்லு, இப்பவே கிளம்பி வர்றேன்."

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். தெருவில் யாரோ வேனை நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். "வண்டி நிக்குது, வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெண் குழந்தை பிறந்ததாகச் சலவைக்கடைக்காரியின் மூலமாகத்தான் அவளுக்குச் செய்தி வந்தது. யார் ஜாடை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்காமல், இஸ்திரி மேஜை மேலிருந்த அடுத்த சாக்கை இழுத்துக்கொண்டாள்.