வால் பள்ளிக்குப் போகிறாளா?

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே ஓர் அதிகாரியைத் திட்டுவதற்காகத்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வருகை அதிகாரி அவர். ஒருநாள் காலை என் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்காவின் மகள், பதினோரு வயதுக்காரி, அப்போது வீட்டில் இருந்தாள். அதுதான் குற்றம்.

அவளுக்கு வீட்டில் ‘வால்’ என்று பெயர். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை, போகப் போக நீங்களே பார்ப்பீர்கள்.

முதல் வரிக்காக மூன்று நாள் மல்லுக்கட்டினேன். தூக்கிப்போட்டவை கீழே:

“கதவைத் தட்டிய கை இரும்பால் ஆனதுபோல” (பொய். மெதுவாகத்தான் தட்டினார்.)

“சட்டம் செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைந்தது.” (இதை எழுதிவிட்டு என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். அக்கா படித்துவிட்டு, “அந்தம்மா செருப்பைக் கழட்டிட்டுத்தானேடா வந்தாங்க?” என்றாள். போயிற்று.)

“ஒரு நாட்டில் பெருமையாக இருக்கும் அதே காரியம் இன்னொரு நாட்டில்” (கட்டுரை வாடை. ஆனால் விஷயம் என்னவோ இதுதான்.)

2

அத்தான் பாலம் கட்டும் பொறியாளர். ஒரு பாலம் முடிந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போக வேண்டும். வாலுக்குப் பள்ளி வயது வந்தபோது அவர்கள் இருந்த நாட்டில், பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பது சர்வ சாதாரணம். அக்கம்பக்கத்தில் “எந்த ஸ்கூல்?” என்று கேட்பதற்குப் பதில் “யாரு சொல்லித்தர்றீங்க, நீங்களா அவரா?” என்றுதான் கேட்பார்களாம். பள்ளிக்கு அனுப்புகிறவர்களைத்தான், பாவம், நேரமில்லைபோல என்று பார்ப்பார்களாம்.

அடிக்கடி ஊர் மாறுகிற குடும்பத்துக்கு இது வசதி என்றுதான் அக்கா ஆரம்பித்தாள். போகப் போக அது அவளுடைய கெத்தாகிவிட்டது.

அக்கா பல்செட் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்து, வீட்டின் பின்னறையில் மெழுகில் பல் பல்லாகப் பொருத்துவாள். அந்த நீள மேசையின் மறுமுனைதான் வாலின் வகுப்பறை. மேல்தாடை கீழ்த்தாடைமேல் உட்காரும் கோணத்தில்தான் அவள் கோணம் என்றால் என்னவென்று கற்றாள். யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், வாயைப் பார்ப்பாள்.*

இப்போது இருக்கும் நாட்டில் நிலைமை தலைகீழ். பிள்ளை என்றால் பள்ளி. பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை கடைத்தெருவில் நின்றால் காய்கறிக் கடைக்காரரே வெளியே வந்து, “உடம்பு சரியில்லையா கண்ணு?” என்று விசாரிப்பார். அவர்களுக்கு அது அக்கறை. அக்கா அதற்கு வேவு என்று பெயர் வைத்திருந்தாள்.

எங்கள் சொந்தக்காரர்கள் மூன்றாவது கட்சி. அவர்கள் ஃபோனில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “அது சரி, சர்டிஃபிகேட்டுக்கு என்ன பண்ணுவே?”

* அதிகாரியிடமும் அதைத்தான் செய்தாள். “ஆன்ட்டி, நீங்க தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?” என்பதுதான் அந்த வீட்டில் சட்டத்துக்குக் கிடைத்த முதல் வரவேற்பு. அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் முதல் பிரதியில் இதை மறைத்துவிட்டேன். வில்லிகள் அப்படிச் சிரிப்பதில்லை.

3

“பாப்பா ஸ்கூலுக்குப் போகலையா?” என்றார் அதிகாரி.

“படிக்கிறா. இதோ, படிச்சுக்கிட்டுத்தானே இருக்கா” என்றாள் அக்கா. கையில் மெழுகுக் கத்தி.

“படிக்கிறாளான்னு நான் கேக்கலம்மா. போறாளான்னு கேட்டேன்.”

“ரெண்டுல எது உங்களுக்கு முக்கியம்?”

“சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“எனக்கு இல்ல.”

நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். மெய்ப்புத் திருத்தும் வேலையை வீட்டிலிருந்தே செய்வதால், அந்த ஆண்டு அக்கா வீட்டு மாடி அறைதான் எனக்கு ஜாகை. இருவரும் குரலை உயர்த்தவில்லை. இரண்டு பேரும் நிமிர்ந்து நின்றார்கள், அவ்வளவுதான். போகும்போது அதிகாரி, “சட்டப்படி இவ இந்த நேரத்துல இங்க இருக்கக் கூடாது” என்றார்.

அன்று மத்தியானம் வால் மாடிக்கு வந்தாள்.

“மாமா, நான் சட்டப்படி இல்லையா?”

(இந்த இடத்தில் நான் ஏதோ அழகாகப் பதில் சொன்னதாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அது பொய். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் இந்தக் கதையின் முதல் பிரதியை எழுதினேன்.)

4

இப்போது, நான் எழுதிவைத்திருந்த அந்த அதிகாரியின்மேல் எனக்கே சந்தேகம் வந்த இடம்.

முதல் பிரதியில் அவர் விறைப்பான ஆள். கண்ணாடி, கோப்பு, இறுகிய உதடு. இப்படி ஒரு பாத்திரம் கிடைத்துவிட்டால் எழுதுவது சுகம், கை தானாக ஓடும். கை தானாக ஓடும்போதெல்லாம் நான் பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது என் அனுபவம். அதனால் அவரை அவர் அலுவலகத்திலேயே போய்ப் பார்த்தேன். சண்டை போடவும் மனதில் ஒரு பாதி தயாராக இருந்தது.

சின்ன அறை. பள்ளிக்கூடப் பெஞ்சு ஒன்றைத்தான் வருகிறவர்கள் உட்காரப் போட்டிருந்தார்கள், முழங்கால் இடித்தது.

“கதை எழுதுறவரா? என்னைப் பத்தி மோசமாத்தான் எழுதியிருப்பீங்க” என்றார்.

தலையாட்டினேன்.

“எழுதுங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. எனக்கு எட்டு வயசு. தம்பி தங்கச்சியப் பாத்துக்கன்னு என்னை வீட்டுலயே வச்சிருந்தாங்க. ஒருநாள் இந்த வேலையில இருந்த ஒருத்தர் வந்து கதவத் தட்டினார். எங்கப்பா விரட்டிவிட்டார். மறுநாளும் வந்தார். அதுக்கு மறுநாளும் வந்தார். கடைசியில எங்கப்பாதான் சலிச்சுப்போனார்.”

“எங்க அக்கா அப்படியில்லையே.”

“தெரியும். உங்க அக்கா வீட்டுல வச்சு படிக்கவைக்கிறாங்க. எங்க வீட்டுல வச்சாங்க, அவ்வளவுதான். ஆனா தெருவுல நின்னு பாத்தா ரெண்டு கதவும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு. நான் தட்டித்தான் ஆகணும்.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது கண்டிப்பு என்று நான் முன்பு எழுதியிருந்தேன். அடித்துவிட்டுப் ‘பெருமிதம்’ என்று எழுதுகிறேன். என் அக்காவின் முகத்திலும் அதேதான் இருந்தது.

கிளம்பும்போது அவரே சொன்னார்: “சட்டத்துல ஒரு சந்து இருக்கு. பத்து வயசுக்கு மேல இருக்கிற பிள்ளையை மூணு பேர் கொண்ட குழு தனியாக் கூப்பிட்டுக் கேக்கணும். அதுக்கு முதல்ல பிள்ளை ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போய்ப் பாக்கணும். அப்புறம் பிள்ளை காரணத்தோட என்ன கேக்குதோ, அதைக் குழு ஏத்துக்கலாம். உங்க அக்காகிட்ட சொல்லுங்க.”

“இது உங்களுக்கே எதிரா இருக்கே?”

“சட்டத்துல இருக்கிறதைச் சொல்லாம மறைச்சா நான் என்ன அதிகாரி?”

5

வால் ஒரு வாரம் பள்ளிக்குப் போனாள்.

முதல் நாளே தகராறு. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து வெளியே போய்விட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்திருக்கிறாள். “யாரைக் கேட்டுப் போனே?” என்று ஆசிரியை அதட்ட, “பாத்ரூம் வந்தது எனக்கு மிஸ், யாரைக் கேக்கணும்?” என்றிருக்கிறாள். கிண்டலே இல்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. வகுப்பு முழுக்க அரைமணி நேரம் சிரித்திருக்கிறது.

அக்காவுக்கு இதைக் கேட்டுப் பூரிப்பு. “என் பொண்ணுடா!”

ஆனால் வாரக் கடைசியில் வால் வேறொரு விஷயத்தோடு வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, எம்பக்கத்துல உக்கார்ற பொண்ணு கணக்கத் தப்பான வழியில போடுறா. நீ சொல்லிக்குடுத்த வழியே இல்ல. ஆனா சரியான விடை வருது! எப்படின்னு கேட்டா அவளுக்கும் தெரியல. நாங்க ரெண்டு பேரும் மதியம் சாப்பிடாம உக்காந்து கண்டுபிடிச்சோம்.”

அக்கா மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். “எங்க, காட்டு.”

காட்டினாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நல்லா இருக்கே” என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு அவள் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று எனக்குத் தெரியும்.

(இங்கே அக்கா கண் கலங்கினாள் என்று எழுதியிருந்தேன். பிரதியைப் படித்தவள் பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: “என்னைப் பாவமா எழுதாதே. நான் அசந்துபோனேன். அது வேற.”)

6

முடிவுகள். கைவசம் மூன்று இருந்தன.

முதல் முடிவில் குழு அக்காவின் பின்னறைக்கு வந்து பார்த்து மெய்ம்மறந்து, வீட்டுப் படிப்புக்கு அனுமதி தருகிறது. (அதிகாரி எட்டு வயதில் நின்ற வாசல் என்ன ஆவது?)

இரண்டாவதில் வால் சீருடையில் துள்ளிக்கொண்டு போகிறாள். கேட் மூடுகிறது. (அரசாங்க விளம்பரம்.)

மூன்றாவதில் பாலம் சீக்கிரம் முடிந்து குடும்பம் வேறு நாட்டுக்கு (கோழைத்தனம். அத்தானே ஒத்துக்கொள்ளமாட்டார். அந்தப் பாலத்துக்கு இன்னும் தூணே எழும்பவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். குழுவின் முன்னால் வால் தனியாகப் போக வேண்டும். வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அக்கா ஒரு கோடி, அதிகாரி மறு கோடி. கதவு சாத்தப்பட்டது. தட்ட முடியாத ஒரு கதவுக்கு வெளியே அந்த அதிகாரியை அன்றுதான் பார்த்தேன். உள்ளே வாலின் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. நிறையப் பேசினாள். நடுவில் யாரோ சிரித்தார்கள். மறுபடி பேசினாள்.

“தைரியமாத்தான் பேசுறா” என்றார் அதிகாரி.

“பின்ன?” என்றாள் அக்கா. பிறகு அவர் பக்கம் திரும்பி, “நீங்க அந்தச் சந்தைச் சொல்லலைன்னா உள்ளயே போயிருக்கமாட்டா” என்றாள்.

அதிகாரி பெஞ்சில் இன்னும் ஓரமாக நகர்ந்து, நின்றுகொண்டிருந்த எனக்கு நடுவில் இடம் கொடுத்தார்.

வால் வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த குழுத் தலைவர், “பாப்பா கேட்டபடியே முடிவு பண்ணிட்டோம். ரொம்ப யோசிச்சுக் கேட்டிருக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்து, “என்ன கேட்டே?” என்றார்கள்.

சொன்னாள். இருவர் காதிலும் விழும்படி நிதானமாக, காரணத்தோடு சொன்னாள். அக்கா மகளின் தலையில் கை வைத்தாள். அதிகாரி கை குலுக்கினார். யாரும் தோற்ற முகத்தோடு அங்கிருந்து போகவில்லை. இதற்கு நான் சாட்சி.

பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் நான். எழுத்தாளன் புத்தி, உடனே கேட்டேன்: “இதை அப்படியே எழுதிடட்டுமா?”

ஜன்னலைப் பார்த்தபடி யோசித்தாள். “மத்ததெல்லாம் எழுதிக்கோ மாமா. நான் உள்ள சொன்னத மட்டும் எழுதாத. படிக்கிறவங்க அவங்கவங்க வீட்டுப் பிள்ளைக்கு அதையே சட்டமாக்கிடுவாங்க. அவங்க வீட்டுப் பிள்ளைய அவங்க கேக்கட்டும்.”

ஆகவே வாசகரே, வேலை உங்களிடம் வந்துவிட்டது. வால் பள்ளிக்குப் போகிறாளா, பின்னறை மேசைக்குத் திரும்பினாளா, இரண்டிலும் சேராத எதையாவது கேட்டாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் அதனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.

இதுவரை எழுதிய கதைகளிலெல்லாம் முடிவு தெரியாமல்தான் திண்டாடியிருக்கிறேன். முடிவு நன்றாகத் தெரிந்தும் எழுதாமல் விடுவது இதுதான் முதல் தடவை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவளுடைய மாமன் நான்.